ராஜி அனுப்பிய லிங்க்

கோமளவல்லியின் கணவரை விரியன் கடித்தது, வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவிலிருந்த புல்லுக்குள் வைத்துத்தான். பட்டப்பகலில் மோட்டார் போடப் போன ஆறுமுகப்பெருமாள், ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் தென்னையைப் பிடித்துப் பிடித்துத் திரும்பி வந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் பிழைத்தாலும் வலது கணுக்கால் அதற்குப் பிறகு பழையபடி மடங்கவில்லை. அன்றிலிருந்து தெரிசனங்கோப்பில் அவர்கள் வீட்டைச் சுற்றி முளைக்கிற புல் முழுவதும் கோமளவல்லிக்குப் பகையாளியாகிவிட்டது.

இரண்டு மழையும் தவறாமல் பெய்கிற ஊர். சாரலில் தலைகாட்டிய புல் ஐப்பசி மழையில் முழங்காலைத் தாண்டிவிடும். வெட்ட ஆள் கிடைப்பதில்லை. பெட்ரோல் மிஷின் வைத்திருந்த ராஜையனைக் கூப்பிட்டால், "நாளைக்கு வாறேன்க்கா" என்பான். அவனுடைய நாளை எப்போது விடியும் என்று யாருக்கும் தெரியாது.

ஒருமுறை அவன் வந்திருந்தபோது அவளே அந்த மிஷினை வாங்கித் தோளில் மாட்டிப் பார்த்தாள். பாரம் ஒரு பக்கமாக அவளைச் சாய்த்தது. ஸ்டார்ட் செய்யக் கயிற்றை இழுத்ததில் தோள்பட்டை கழன்றது போலிருந்தது. மிஷின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றுகொண்டது. ராஜையன் சிரித்தான். ஆறுமுகப்பெருமாளும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் அவளுக்கு உறைத்தது.

"உங்களுக்குக் காலு வழங்காது, ராஜையனுக்கு நேரம் வழங்காது. பின்னே யாருதான் வெட்டுகது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அது இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் வருடம். பேட்டரியில் ஓடுகிற புல்வெட்டி என்று ஒன்று இருப்பதை அவள் போனில் வீடியோ பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கயிறு இழுக்க வேண்டாம், பெட்ரோல் ஊற்ற வேண்டாம், ஒரு சுவிட்சை அமுக்கினால் போதும். நுனியில் பிளேடுக்குப் பதிலாக, தூண்டிலில் கட்டுகிற தங்கூசி மாதிரி கனமான நைலான் நரம்பு சுழன்று புல்லை அறுத்துத் தள்ளியது. கல்லில் பட்டாலும் நரம்புதான் தேயும், கல் தெறித்துக் காலைப் பதம் பார்ப்பது குறைவு என்று வீடியோக்காரர் சொன்னார். அவள் மறுபடி மறுபடி பார்த்தாள். வோல்ட் அதிகமிருந்தால் இழுவை அதிகம், ஆம்பியர்-ஹவர் அதிகமிருந்தால் அதிக நேரம் ஓடும், ஆனால் பேட்டரி பெரிதாகப் பெரிதாகக் கை வலிக்கும் என்பதெல்லாம் புரிந்தது. கோரைப்புல்லுக்கு நரம்பு தாங்குமா, தேய்ந்த நரம்புக்கு மாற்று நம் ஊரில் கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்கினாள். எதையும் துருவிப் பார்த்து வாங்குகிறவள் அவள். கத்தரிக்காயையே காம்பைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள்.

கோமளவல்லிக்கு நாகர்கோவில் வடசேரியில் நகைக்கடன் கொடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை. பக்கத்துக் கவுண்டரில் ராஜி. ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கோமளவல்லியின் மாமியார் செத்தபோது அடுக்களையில் நின்று ஊருக்கே சோறு வடித்தவள் ராஜி. ராஜியின் கணவர் அனில்குமார் சார்ஜாவில் இருந்ததால், அவளுடைய மகளுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிக் காவலிருந்தவள் கோமளவல்லி. இருவரில் ஒருவர் லீவு போட்டால், மற்றவளிடம்தான் மேனேஜர் காரணம் கேட்பார்.

புல்வெட்டி விஷயமும் ராஜிக்குத் தெரியாமலில்லை. எல்லாக் கடையிலும் விலை கூடுதலாக இருக்கிறது என்று கோமளவல்லி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது ராஜி சொன்னாள்.

"ஏட்டி, ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன், பாரு. நீ சொன்ன அதே மிஷினு. பாதி வெலை."

கோமளவல்லி பார்த்தாள். அவள் வீடியோவில் பார்த்த அதே மாதிரி, அதே பச்சை நிறம். ரெண்டு பேட்டரி, ஒரு சார்ஜர், நரம்புச் சுருள் இலவசம். விலைக்கு மேலே சலுகை முடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கீழே வாங்கினவர்கள் எழுதிய பாராட்டுகள். எல்லாம் ஒரே கை எழுதினது போலிருந்தது. கடைசிவரை தள்ளிப் பார்த்தும் கடை எங்கே இருக்கிறது என்று விலாசமே இல்லை. ஒரு வாட்ஸ்அப் நம்பர் மட்டும் இருந்தது. சாமான் கையில் வந்தபிறகு பணம் கொடுக்கிற வசதியும் இல்லை. முன்கூட்டியே முழுப்பணமும் கட்டவேண்டும்.

தினமும் கவுண்டருக்கு வருகிறவர்களிடம், "போனில் யாராவது நம்பர் கேட்டால் சொல்லாதீங்கோ, தெரியாத லிங்கைத் தொடாதீங்கோ" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் அவள். மனதுக்குள் ஏதோ நெருடியது.

"இதுல அட்ரசே இல்லியேட்டி," என்றாள். "பைசாவை மொதல்லயே கட்டணுமாம். நீ இதுல ஏதாவது வாங்கியிருக்கியா?"

ராஜி கைகழுவும் தொட்டியைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"வாங்காமயா சொல்லுகேன்? மவளுக்கு லேப்டாப் இதுலதான் வாங்கினேன்."

"வந்துட்டா?"

"வந்துட்டு. புத்தம் புதுசு. பெட்டியைத் தொறந்தப்போ அந்த தெர்மோகோல் எல்லாம் பொடிஞ்சு வீடு பூரா பறந்துட்டு. தூத்து வாரி முடியல, கேட்டியா?"

இருவரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து கோமளவல்லி பணத்தைக் கட்டினாள். சம்பளத்தில் பாதிக்கு மேல் போயிற்று. அந்தக் கடையை அவள் நம்பவே இல்லை. ராஜியை நம்பித்தான் கட்டினாள்.

பணம் கட்டியதும் நன்றி சொல்லி ஒரு செய்தி வந்தது. மறுநாள் சாமான் புறப்பட்டுவிட்டது என்று ஒரு செய்தி. அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை. கொரியர் வண்டி தெருவில் போகும்போதெல்லாம் ஆறுமுகப்பெருமாள் ஜன்னலுக்கு வந்து பார்த்தார். வண்டி அடுத்த வீட்டில் நிற்கும், எதிர்வீட்டில் நிற்கும்.

"உனக்க மிஷினு இன்னும் நடந்துதான் வருகா?" என்று கேட்டார் ஒருநாள்.

அவளுக்குக் கோபம் வந்தது, அவர் மேல்தான். ராஜியிடம் சொன்னபோது, "எனக்கும் கொஞ்சம் லேட்டாத்தான் வந்துது. பதறாத," என்றாள். கோமளவல்லி பதறாமல் இருந்தாள். வாட்ஸ்அப் நம்பருக்கு அனுப்பிய செய்திகளுக்கு நீலக்கோடு விழுந்தது, பதில் வரவில்லை. போன் செய்தால் மணி அடித்து அடித்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அந்த நம்பரிலிருந்தே அழைப்பு வந்தது. பட்டணத்துத் தமிழ் பேசிய ஒரு பெண். குரலில் அத்தனை மரியாதை.

"மேடம், உங்க ஆர்டர் ஹோல்டுல இருக்கு. ஒண்ணும் கவலைப்படாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரை நம்ம சைட்ல ஆர்டர் போட வச்சீங்கன்னா உடனே ரிலீஸ் ஆயிடும்."

"எதுக்கு ரெண்டு பேரு? நான் முழுப் பைசாவும் கட்டியாச்சே."

"கம்பெனி ரூல் மேடம். எல்லாருக்கும் அப்படித்தான். உங்களைச் சேர்த்துவிட்ட ராஜி மேடம் இருக்காங்க இல்லையா? அவங்க லேப்டாப்பும் ஹோல்டுலதான் இருக்கு. அவங்க உங்களைச் சேர்த்துட்டாங்க. இன்னும் ஒருத்தர்தான் பாக்கி. அவங்களுக்கு வந்துடும். நீங்களும் ட்ரை பண்ணுங்க மேடம்."

கோமளவல்லி கையிலிருந்த ஈரச்சேலையைக் கொடியில் போட்டாள். அது ஒருபக்கமாக நழுவி மண்ணில் விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

"லேப்டாப் அவளுக்கு வரலியா?"

"இல்ல மேடம். இன்னும் ஒருத்தர் சேர்ந்தா வந்துடும்."

அந்தப் பெண் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கோமளவல்லியின் காதில் தெர்மோகோல்தான் கேட்டது. வீடு பூரா பறந்த தெர்மோகோல், தூத்து வாரி முடியாத தெர்மோகோல். வந்துட்டு என்று மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போதும், அவள் நம்பியிருப்பாள். அதற்கு மேலே ஒரு பெட்டியை உண்டாக்கி, அதைத் திறந்து, குப்பை போட்டு, துடைப்பம் எடுத்துப் பெருக்கி, அவளைச் சிரிக்கவும் வைத்தாளே.

அந்தப் பேச்சுக்கு நடுவில் இன்னொன்றும் நடந்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ரெண்டு பேர் என்று அந்தப் பெண் சொன்ன உடனே அவள் மனதில் ஒரு முகம் தானாக வந்து நின்றது. ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஜின்சி. அவளுடைய அப்பாவுக்குப் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டம் இருந்தது. "அக்கா, நல்ல புல்வெட்டி கிட்டினா எனக்கும் சொல்லுங்க" என்று போன வாரம்தான் கேட்டிருந்தாள். சொன்னால் மறுபேச்சு இல்லாமல் பணம் கட்டிவிடுவாள். கோமளவல்லி கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். இப்படித்தானே ராஜியின் மனதிலும் ஒரு முகம் வந்து நின்றிருக்கும் என்று நினைத்தாள். அது தன் முகம் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

மறுநாள் ஆபீசில் அவள் உடனே எதையும் கேட்கவில்லை. ராஜியாகவே சொல்ல ஒரு வழி விட்டுப் பார்த்தாள்.

"ராஜி, உனக்க மவ லேப்டாப்பை ஒரு நாளு கொண்டு வாயேன். எப்படி இருக்குன்னு பாக்கட்டு."

"அவ ஹாஸ்டலுக்குக் கொண்டு போயிட்டாளே," என்றாள் ராஜி, சீல் குத்திக்கொண்டே. கண்கூட இமைக்கவில்லை.

கோமளவல்லி தன் கவுண்டருக்குத் திரும்பினாள். அடகு வைக்க வந்த கிழவர் ஒருவரின் மோதிரத்தைத் தவறுதலாக இரண்டு முறை நிறுத்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

சாயங்காலம் ஆபீஸ் அடைக்கிற நேரம். பெருக்கித் துடைக்க வருகிற நாகம்மை பின்பக்கம் குழாயடியில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ராஜி அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். கோமளவல்லி பையை எடுக்கப் போனபோது நாகம்மையின் குரல் கேட்டது.

"ராஜியம்மா, அந்த மிக்ஸிக்குப் பைசா இன்னைக்கே கட்டணுமா? சீட்டுப் பைசா கிட்டியிருக்கு. போனுல எப்படிக் கட்டணும்னு எனக்கு வெளங்காது. நீங்களே கட்டித் தாருங்கோ."

"செரி, குடு. நான் பாத்துக்கிடுகேன்."

நாகம்மை இடுப்பிலிருந்து சுருட்டிய நோட்டுகளை எடுத்தாள். கோமளவல்லி குழாயடிக்குப் போய் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"நாகம்மை, பைசாவை உள்ள வையி. அது கள்ளக்கடை. ஒரு சாமானும் வராது. எனக்கும் வரல, இவளுக்கும் வரல."

நாகம்மை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ராஜியம்மாக்கு லேப்டாப் வந்துட்டுன்னு சொன்னாவளே?"

"கேளு," என்றாள் கோமளவல்லி. "எனக்க முன்னால வச்சுக் கேளு."

ராஜியின் முகம் வெளுத்துப்போயிற்று. நாகம்மை கேட்கவில்லை. நோட்டுகளை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு, வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஏட்டி, நீ என்னைக் காட்டிக் குடுத்துட்டியே," என்றாள் ராஜி. மெதுவாகத்தான் சொன்னாள்.

கோமளவல்லி இத்தனை நேரம் அடக்கிவைத்தது அப்போது உடைந்தது. "நானா? நானா காட்டிக் குடுத்தேன்? வந்துட்டான்னு உன்கிட்ட கேட்டேன். முகத்தைப் பாத்துக் கேட்டேன். வரலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உனக்குப் பைசா போச்சுன்னா என்கிட்ட அழுதிருக்கலாமே. நான் என்ன ஊருக்கா விளம்பப் போறேன்?"

ராஜி சுவரில் சாய்ந்தாள். அவள் சொன்னதெல்லாம் விட்டு விட்டு வந்தது. அனில்குமார் மதில் கட்ட அனுப்பிய பணத்தில் எடுத்துத்தான் லேப்டாப்புக்குக் கட்டியிருந்தாள். அவர் லீவில் வரும்போது மதில் எங்கே என்று கேட்பார். அந்தப் பெண் தினமும் போன் செய்து, ரெண்டே பேர், ரெண்டே பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரெண்டு பேர் சேர்ந்துவிட்டால் எல்லாருக்கும் சாமான் வந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளாம்.

"நீ அதை நம்பினியா?" என்று கேட்டாள் கோமளவல்லி.

ராஜி தலையைக் குனிந்தாள். "கொஞ்சம் நம்பினேன்."

"அப்போ எதுக்கு மொதல்ல என்கிட்ட வந்தே? இத்தனை பேரு இருக்காவல்லா?"

இந்தக் கேள்விக்குப் பதில் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று பின்னால் பல தடவை அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"வேற யாரா இருந்தாலும் வீட்டு வாசல்ல வந்து நின்னு சண்டை பிடிப்பாவ," என்றாள் ராஜி. "நீ பிடிக்க மாட்டேன்னு நெனைச்சேன். நீ பொறுத்துக்கிடுவ. அதான்."

வடசேரி பஸ் ஸ்டாண்டு வரை கோமளவல்லி தனியாக நடந்தாள். பஸ் வந்தது, ஏறினாள், இறங்கினாள். வீட்டுக்கு வந்ததும் ஆறுமுகப்பெருமாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேலி செய்யவில்லை. "ராஜியா?" என்று மட்டும் கேட்டார். நம்ப முடியாமல் மறுபடியும் கேட்டார்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு இருவருமாக எஸ்.பி. ஆபீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தார்கள். அங்கிருந்த போலீஸ்காரர் அந்த சைட்டைத் திறந்து பார்த்தார். திறக்கவில்லை. அதற்குள் கடையை மூடிக்கொண்டு போயிருந்தார்கள். இன்னொரு பெயரில் வேறெங்காவது இதே படங்களோடு திறந்திருப்பார்கள் என்றார் அவர். சலிப்போடு சொன்னாலும் பொறுமையாகச் சொன்னார்.

"பெரிய கம்பெனிப் பேருல ஒரு எழுத்தை மட்டும் மாத்தி வச்சிருக்கான், கவனிச்சியளா? விலாசம் கிடையாது, பாதி வெலை, முன்பணம். இந்த மூணும் சேர்ந்திருந்தா தொடவே கூடாது. உங்களுக்கு லிங்க் அனுப்பினது யாரு?"

கோமளவல்லி ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு ராஜியின் பெயரைச் சொன்னாள்.

வெளியே வந்ததும் ஆறுமுகப்பெருமாள், "பேரைச் சொல்லாம இருந்திருக்கலாம்," என்றார்.

"கேட்டாவ. உள்ளதைச் சொன்னேன்."

"அவ வீட்டுல தெரிஞ்சா?"

"தெரியட்டு." சொல்லிவிட்டுப் புகார் நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள். திரும்பிப் போய் மாற்றிச் சொல்ல அவள் நினைக்கவில்லை.

போலீசிலிருந்து ராஜிக்குப் போன் போயிற்று. அனில்குமாருக்கும் விஷயம் தெரிந்து, சார்ஜாவிலிருந்து பேசிய பேச்சில் ராஜி ரெண்டு நாள் வேலைக்கு வரவில்லை. வந்தபோது முகம் வீங்கியிருந்தது. தன் பங்குக்கு அவளும் ஒரு புகார் எழுதிக் கொடுத்தாள் என்று ஜின்சி சொல்லித்தான் கோமளவல்லிக்குத் தெரியும். யாருடைய பணமும் திரும்பி வரவில்லை.

புல் அதற்காகக் காத்திருக்கவில்லை. கார்த்திகை பிறந்தபோது கிணற்றுக்குப் போகும் வழியே தெரியவில்லை. நகைக்காகப் போட்டிருந்த சீட்டு ஒன்றை முடித்து அந்தப் பணத்தோடு கோமளவல்லி கோட்டாற்றுக்குப் போனாள். மோட்டார், பம்பு விற்கிற இஸ்ரவேல் என்பவரின் கடை. பேட்டரி புல்வெட்டி ரெண்டு வகை வைத்திருந்தார். அவள் ரெண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். எடை கூடியதை வைத்துவிட்டாள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். கழற்றும் இடம் ஆடுகிறதா என்று பார்த்தாள். ஒரு பேட்டரியில் எவ்வளவு நேரம் ஓடும், பேட்டரி கெட்டால் தனியாகக் கிடைக்குமா, நரம்பு உங்களிடமே உண்டா, ரிப்பேர் எங்கே பார்ப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனாள்.

"எம்மா, பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாவ," என்றார் இஸ்ரவேல்.

அவள் சிரிக்கவில்லை. "ஓட்டிக் காட்டுங்க," என்றாள்.

கடைக்குப் பின்னால் சாக்கடையோரம் கொஞ்சம் புல் கிடந்தது. அவளே ஓட்டிப் பார்த்தாள். பில்லில் கடையின் முத்திரையைக் குத்தச் சொல்லி, உத்தரவாத அட்டையில் தேதி எழுதச் சொல்லி வாங்கினாள். லிங்கில் இருந்த விலையைப்போல இரண்டு மடங்கு. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

முதல் நாளில் கிணற்றுவரை வழி வெட்டினாள். முழங்கால்வரை பழைய பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி. ஆறுமுகப்பெருமாள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பாம்பு வந்தால் சொல்வதற்காகக் கையில் கம்போடு காவலிருந்தார். பாம்பு வரவில்லை. ஒரு கீரி மட்டும் ஓடிற்று. பேட்டரி தீர்ந்து மிஷின் நின்றபோது அவளுக்கு வியர்த்து வழிந்தது. தோள் வலித்தது. வெட்டிய புல்லின் மணம் வீடுவரை வந்தது.

ஆபீசில் ராஜியும் அவளும் அடுத்தடுத்த கவுண்டரில்தான் இருந்தார்கள். சீலைக் கேட்டால் சீல், பேனாவைக் கேட்டால் பேனா. அதற்குமேல் பேச்சில்லை. தை மாதம் ராஜி குழித்துறை கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். போவதற்கு முந்தின சாயங்காலம் அவள் தெரிசனங்கோப்புக்கு வந்தாள். கோமளவல்லி வேலியோரம் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். படலைத் திறக்காமல் ராஜி வெளியே நின்றாள்.

"கோமளா."

கோமளவல்லி மிஷினை நிறுத்தினாள்.

"நாளைக்குக் குழித்துறைக்குப் போறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." ராஜி வேலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குப் போன பைசாவைக் கொஞ்சம் கொஞ்சமா நான் தந்துருகேன்."

"அது வேண்டாம். அது கள்ளன் கொண்டு போனது."

"பின்னே என்னட்டி செய்யணும்? இனிமே என்கிட்ட பேசவே மாட்டியா?"

கோமளவல்லி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். கோபமாகப் பேசவேண்டும் என்று எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லி வைத்திருந்தாள். இப்போது கோபம் வரவில்லை.

"பேசுகதுக்கு என்ன? பேசலாம். ஆனா இனி நீ மழை பெய்யுதுன்னு சொன்னாலும் நான் முற்றத்துல எறங்கி கைய நீட்டிப் பாக்கணும், ராஜி. உன்கிட்ட அப்படி இருக்க எனக்கு ஏலாது."

ராஜி அழுதாள். கோமளவல்லி அவளை உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட்டால் காப்பி போட வேண்டும், காப்பி போட்டால் பழையபடி சிரிக்கவேண்டி வரும். ராஜி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனாள்.

மிஷினை மறுபடி ஓட்ட அவள் சுவிட்சில் கை வைத்தபோது வீட்டுக்குள்ளிருந்து ஆறுமுகப்பெருமாள் கூப்பிட்டுக் கேட்டார்.

"யாருட்டி வந்தது?"

"ஆபீசுல கூட வேலை பாத்தவ," என்றாள் கோமளவல்லி.